கை விட்டுப்போச்சு

கொட்டாஞ்சேனை
09.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்துக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

அம்மா நித்திரை. அவவின் போனில்தான் இதை எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் விடிய எழும்பியதும் வாசித்துவிடுவா. இது கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் தந்த மின்னஞ்சல், இதைத் திறக்க அவவுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நீங்கள் வீடியோவில் கதைத்தபோது உங்களுக்குப் பின்னால் அரிசி மூடைகள் தெரிந்தன. பிறகு அம்மா பக்கத்து வீட்டுச் சீனியம்மா அக்காவிடம், "என்ட மகன் வேலை செய்யிற சுப்பர்மார்க்கெட்ட பாக்கோணும், ஸ்டோர்ஸே கோயில் மாதிரி" என்று சொன்னா. அது கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கிற ரிக்கின் சமையலறைக் களஞ்சியம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஹெலிகொப்டர் சத்தத்தை நீங்கள் ஏசி மெஷின் என்றீர்கள். "அப்ப திருத்தச் சொல்லு மகன், தலை இடிக்கும்" என்று அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்தது.

அப்பா துறைமுகத்தில் கப்பல் ஏணியிலிருந்து விழுந்து செத்த பிறகு, தண்ணீருக்கு மேல் எந்த வேலையும் செய்ய மாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்தீர்கள். அந்தச் சத்தியத்தை நீங்கள் உடைத்தீர்கள். நான் அதை மறைக்கிறேன்.

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு சஞ்சிகை பார்த்தேன். கடல் எண்ணெய் வேலையில் காயப்படுகிறவர்களின் தொகை வருடா வருடம் குறைகிறது என்று ஒரு கோடு கீழே கீழே இறங்கிப் போயிருந்தது. அது உண்மைதானே அண்ணா? நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

உங்கள் அன்புத் தங்கை,
யூஜினா

*

கடலிலிருந்து
16.02.2025

பயந்தாங்கொள்ளி யூஜிக்கு,

அண்ணா நல்ல சுகம். அம்மா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா என்று பார்த்துக்கொள்.

நீ பார்த்த கோடு உண்மைதான். இங்கே நீ நினைப்பது போல் இல்லை. தேத்தண்ணி கொண்டுபோகிறவன்கூட மூடி போட்ட கோப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். படியில் சும்மா இறங்க முடியாது, பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பிடிக்காதவனை நிற்பாட்டிப் பேசுவார்கள். சாப்பாட்டு அறை வாசலில் ஒரு பலகை இருக்கிறது. காயப்பட்டு ஒருத்தனும் வேலைக்கு வராமல் இருக்காத நாட்களை அதில் கணக்கு வைக்கிறார்கள். அந்தத் தொகை நல்ல வட்டமான எண்ணுக்கு வந்தால் கேக் வெட்டுவார்கள்.

எனக்கு மேல் கட்டிலில் படுப்பவன் ஹரிசன், ஜிந்துப்பிட்டிக்காரன். முருகன் கோயில் பக்கத்தில் வீடு. நீ நன்றாக இங்கிலீஷ் எழுதுவாய் என்று சொன்னேன். "அப்பன்னா எனக்கு ஒரு லீவு லெட்டர் எழுதித் தரச் சொல்லுடா. மாமியார ரெண்டு தடவ சாகடிச்சாச்சு. இனி யாரக் கொல்றதுன்னு தங்கச்சிகிட்ட கேளு" என்கிறான்.

நன்றாகப் படி. அழாதே.

அண்ணா,
சாந்தன்

*

கடலிலிருந்து
18.03.2025

யூஜிக்கு,

எனக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்கிறேன். நேற்று ஹரிசன் விழுந்துவிட்டான். பக்கத்தில் நின்றது நான் மட்டும், அதனால் நடந்ததை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். விடிவதற்குள் மாற்றி அனுப்பு. உன் நல்ல இங்கிலீஷில் எழுது.

"காலையில் நானும் ஹரிசனும் வேலைக்கு இறங்கினோம். படி காய்ந்துதான் இருந்தது. ஹரிசன் எனக்கு முன்னால் இறங்கினான். பாதியில் கை விட்டுப்போச்சு. கீழ்த்தட்டில் முதுகு அடிபட விழுந்தான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன்."

அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

அண்ணா

*

கொட்டாஞ்சேனை
18.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகம் என்று அறிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஹரிசன் அண்ணாவுக்கு எப்படி? கதைக்கிறாரா? பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் யோசித்தேன். நீங்கள் "கை விட்டுப்போச்சு" என்று ஆளைச் சொல்லாமல் எழுதியிருந்தீர்கள். இங்கிலீஷில் யார் செய்தது என்று சொல்லாமல் வாக்கியம் நிற்காது என்று மிஸ் சொல்லுவா. அதனால் ஹரிசன் என்று பெயரை முன்னால் வைத்து, ஹரிசன் தன் பிடியை விட்டுவிட்டதால் விழுந்தார் என்று எழுதினேன். இப்போது வாசிக்கத் தெளிவாக இருக்கிறது.

தயவுசெய்து அந்தப் படியில் கவனம். பிடியை விட்டுவிட வேண்டாம் அண்ணா.

யூஜினா

*

கடலிலிருந்து
06.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாஸ்காத் திருநாளுக்கு அம்மாவுக்கு ஒரு சீலை வாங்கிக் கொடு.

உன் இங்கிலீஷை இங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பான சேர் புகழ்ந்தார். வாசித்துவிட்டு, நீ சொன்ன அந்த வாக்கியத்தில் விரலை வைத்து, இப்படியா நடந்தது என்று கேட்டார். நான் ஓம் என்றேன். இன்னொரு தடவையும் கேட்டார். ஓம் என்றேன். பிறகு கையெழுத்து வாங்கினார்.

ஹரிசனுக்கு முதலில் நாரிப்பிடிப்பு, வெறும் இடுப்புச் சுளுக்கு என்றுதான் சொன்னார்கள். நடக்கக் கஷ்டப்பட்டான். காலையில் நானும் புறக்கோட்டை நப்ரீஸும் அவனை இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுபோய் அலுவலக அறையில் ஒரு கதிரையில் இருத்துவோம். கையுறைகளைச் சோடி சேர்க்கிற வேலை கொடுத்தார்கள். கதிரையில் இருந்தால் அவன் வேலைக்கு வந்த கணக்கு. "கல்யாண மாப்பிள்ளையக் கூட இப்படித் தூக்கல்லடா" என்று சிரிப்பான். ஒரு கிழமைக்குப் பிறகு கால் விறைத்துப்போகிறது என்றான். லீவு போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பலகை அப்படியே ஓடுகிறது. போன கிழமை கேக் வெட்டினார்கள். எனக்கு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார்கள்.

நீ அந்தப் பக்கம் போக வேண்டாம். படிப்பைப் பார்.

அண்ணா

*

கொட்டாஞ்சேனை
11.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் போக வேண்டாம் என்றீர்கள், நான் போனேன். ரியூஷன் முடிந்து ஜுமானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகள் எல்லாம் தெரியும்.

ஹரிசன் அண்ணா நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை அசையவே இல்லை. ஆனாலும் என்னைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம்.

"அட, நம்ம இங்கிலீஷ்காரியா! பாக்கியம், டீ போடு. மாமியாரக் கொல்ல லெட்டர் எழுத இருந்த ஆளு இவதான்."

"எங்கம்மா கல்லு மாதிரி இருக்கு. ஒங்க வாய்தான் இப்ப ஒங்களப் படுக்க வெச்சிருக்கு" என்று அவரின் மனைவி பாக்கியலெட்சுமி அக்கா உள்ளே இருந்து சொன்னா. ஜுமானா சிரித்துவிட்டாள்.

பிறகு அவர் தலையணைக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்தார். வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் கொடுத்தார்களாம். அவர் பிழையால்தான் விழுந்தார், அதனால் வைத்தியத்துக்குக் கம்பனி பொறுப்பில்லை என்று சொன்னார்களாம். "எனக்கு வாசிக்க வராது புள்ள. என்னதான் எழுதியிருக்குன்னு சொல்லு."

அண்ணா, அது நான் எழுதியது. கீழே உங்கள் கையெழுத்து.

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். "நீங்க கையை விட்டதால விழுந்தீங்க எண்டு இருக்கு."

"நானா விட்டேன்? கைதானே விட்டுப்போச்சு!"

"உங்கட கைதானே?"

"என் கையா? படிக் கை, புள்ள. படிக்கு ரெண்டு பக்கமும் பிடிச்சு எறங்குற கம்பி. அதத்தான் நாங்க கைன்னு சொல்றது. போல்ட் துருப்பிடிச்சுக் கெடந்து, நான் பிடிச்சதும் விட்டுப்போச்சு. சாந்தன் பாத்துக்கிட்டுத்தானே நின்னான்!"

கதிரையின் கை என்று நாமும் சொல்கிறோம். படிக்கும் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு யோசனை வரவில்லை.

"சாந்தன் இப்படிச் சொல்ல மாட்டான்" என்றார். "அவனுக்கு இங்கிலீஷ் வராது. எவனோ படிச்ச முட்டாப்பய எழுதி, அவன்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கான்."

தேத்தண்ணியைக் குடித்தேன். ஜுமானா என் கையைக் கிள்ளினாள், அது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை.

வேறு தாள் எழுதி அனுப்பவா? நீங்கள் அங்கே கொடுத்தால் போதும். அந்தப் படியால்தானே நீங்களும் இறங்குகிறீர்கள்?

யூஜினா

*

கடலிலிருந்து
25.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். அம்மா சுகமா?

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மத்தியானம் இரும்பைத் தொட முடியாது. போன கிழமை நப்ரீஸ் வட்டிலப்பம் செய்தான், முட்டை கூடிப்போய்ப் புட்டு மாதிரி வந்தது. இரவில் தூரத்தில் போகிற கப்பல்களின் வெளிச்சம் புறக்கோட்டைக் கடைகள் மாதிரித் தெரியும். உனக்குக் கணக்கில் எத்தனை புள்ளி? அம்மாவின் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாவா?

சேர் என்னை இப்போது புதுப் பொடியன்களுக்குப் பாதுகாப்புச் சொல்லிக்கொடுக்க வைத்திருக்கிறார். நல்ல பெயர் எடுத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணா

*

கொட்டாஞ்சேனை
14.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியிருந்தீர்கள். நாங்களும் சுகம்.

நேற்று அந்தோனியார் திருநாள். தேரில் அவரின் சுருவம் எங்கள் ஒழுங்கை வாசலால் வந்தபோது அம்மா உங்கள் பெயரைச் சொல்லி மன்றாடினா. சுப்பர்மார்க்கெட்டில் உங்களுக்குப் பதவி உயர்வு வர வேண்டும் என்று கேட்டா. நான் பக்கத்தில் நின்று ஆமென் என்றேன்.

அண்ணா, நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. வட்டிலப்பம் பற்றி எழுதினீர்கள்.

என் தாளைச் சேர் வாசித்தபோது அந்த வாக்கியத்தில் விரலை வைத்து, இப்படியா நடந்தது என்று இரண்டு தடவை கேட்டார் என்று சித்திரையில் எழுதினீர்கள். முதலில் வாசித்தபோது என் இங்கிலீஷைத்தான் புகழ்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்து நித்திரை வருவதில்லை. அவர் கேட்டது உங்களுக்கு விளங்கியதா? விளங்கவில்லை என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும். நான் பிழையாக எழுதினேன், உங்களுக்கு விளங்கவில்லை, நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். அப்படியானால் பிழை முழுக்க என்னுடையது. நான் போய் ஹரிசன் அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்பேன்.

விளங்கித்தான் ஓம் என்றீர்கள் என்றால், அதையும் சொல்லுங்கள்.

அம்மா இருமுகிறா. நிறுத்துகிறேன்.

யூஜினா

*

கொட்டாஞ்சேனை
06.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா?

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுடன் கதைக்கிறீர்கள். அம்மா போனை என் பக்கம் திருப்பினால், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அரிசி மூடைகள் தெளிவாகத்தான் தெரிகின்றன.

ஹரிசன் அண்ணாவைக் களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். முதுகில் படுக்கைப் புண், காய்ச்சல் இறங்கவில்லை. விழுந்த உடனே அசையாமல் படுக்க வைத்திருந்தால் கால் போயிருக்காது என்று டொக்டர் சொன்னாராம். யார் கதிரையில் இருத்தியது என்று கேட்டாராம். பாக்கியலெட்சுமி அக்கா என்னிடம் சொன்னா. எனக்கு யார் என்று தெரியும், ஆனால் நான் சொல்லவில்லை.

ஹரிசன் அண்ணா ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். "சாந்தனுக்குச் சொன்னியா? அவன் வந்து சொன்னா சரியாயிடும்" என்கிறார். சொன்னேன் என்கிறேன். "என்ன சொன்னான்?" என்கிறார்.

என்ன சொல்ல?

யூஜினா

*

கடலிலிருந்து
31.07.2025

தங்கச்சிக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

விளங்கித்தான் ஓம் என்றேன்.

உன் தாளை வாசித்த உடனேயே பிழை தெரிந்தது. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் வரும். சேரிடம் கொடுக்கும் முன் திருத்தச் சொல்லி உனக்கு எழுத நினைத்தேன், நேரம் இருக்கவில்லை. கொடுக்கும்போது வாயால் சொல்லலாம் என்று போனேன். ஆனால் அவர் அந்த வாக்கியத்தைத் தொட்டபோது முகம் மாறியது. அறைக்குள் எல்லோரும் நின்றார்கள். படி பழுது என்றால் பலகை அழியும், வேலை நிற்கும், விசாரணைக்கு ஆட்கள் வருவார்கள். ஆள் விட்டுவிட்டான் என்றால் ஒன்றுமில்லை. எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓம் என்றேன்.

அன்றிரவே கழன்ற கையை ஒட்டி மஞ்சள் பெயின்ற் அடித்துவிட்டார்கள். மற்றப் படிகளை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏன் பார்த்தோம் என்று எழுத வேண்டும். அந்தப் படிகளில் புதுப் பொடியன்களை நிறுத்தி, இறங்கும்போது பிடித்து இறங்குங்கள் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீ பார்த்த சஞ்சிகையின் கோடு உண்மைதானா என்று கேட்டாய். ஹரிசன் அதில் இல்லை. அவன் லீவில் போனவன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் கீழே ஓடிப்போனபோது கம்பி அவன் கையில் இருந்தது. அவன் விடவே இல்லை. நான்தான் ஒவ்வொரு விரலாக விரித்து அதை எடுத்தேன்.

நேற்று இதையெல்லாம் தமிழில் எழுதி, நானும் நப்ரீஸும் கையெழுத்து வைத்துச் சேரிடம் கொடுத்தோம். அதன் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். 'படியின் கைபிடிக் கம்பி கழன்றது' என்று எழுதியிருக்கிறேன், எது விட்டது என்று தெளிவாக. இங்கிலீஷில் எழுதி ஏஜென்சிக்குக் கொடு. ஹரிசனுக்கு வாசித்துக் காட்டு. படிச்ச முட்டாள் நீ இல்லை, நான் என்று சொல்.

என்னை அனுப்பிவிடுகிறார்கள். ஹெலிகொப்டரில் இடம் இல்லையாம், புதன்கிழமை படகில். அம்மாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாந்தன்

*

கொட்டாஞ்சேனை
03.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பகலில் எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் இருக்கிறா.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஹரிசன் அண்ணா அதற்கு முன் செவ்வாய்க்கிழமையே செத்துப்போனார். வெள்ளிக்கிழமை நான் போனபோது அடக்கம் முடிந்து வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாக்கியலெட்சுமி அக்காவிடம், இதை இங்கிலீஷில் எழுதி ஏஜென்சிக்குக் கொண்டுபோவோம் என்றேன். "இங்கிலீஷ் அப்புறம் எழுதலாம் புள்ள. மொதல்ல எனக்கு நீ தமிழ்லயே வாசி" என்றா. வாசித்தேன். விரல்களை விரித்து எடுத்த இடத்துக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினா. "அத மட்டும் திரும்ப வாசி" என்றா. திரும்ப வாசித்தேன். பிறகு, முதல் தாளை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவ எழும்பி உள்ளே போய்விட்டா. வெகுநேரம் நின்றேன். வெளியே வரவில்லை. ஜுமானாதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஏஜென்சிக்கு நாளை போகிறோம். தானும் வருவதாகப் பாக்கியலெட்சுமி அக்கா ஜுமானாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறா.

இன்று பூசை முடிந்து வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ என் பள்ளிக்கூடச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தா. அடிப்பா என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை.

"அவன் என்ன எழுதினவன்? எழுதின மாதிரியே சொல்லு."

"'கை விட்டுப்போச்சு' எண்டு."

"ஏன், படிக் கை கழண்டதா?"

அவவாகவே சொன்னா: "அப்பாட துறைமுக ஆக்கள் எல்லாரும் கை எண்டுதானே சொல்லுறவங்க. அப்பா விழுந்த அண்டைக்கும் கை இல்லாத ஏணி எண்டுதான் சொன்னவங்க."

அதற்குப் பிறகு அம்மா ஒரே கையை, சட்டையின் ஒரே கையைத்தான், திரும்பத் திரும்ப அயன் பண்ணினா. சுவிட்சை நான்தான் நிற்பாட்டினேன். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று கேட்டா. புதன்கிழமை என்றேன். ரிக்கிலிருந்து படகுக்கு எதால் இறங்குவது என்று கேட்டா. படியால் என்றேன்.

உங்களுடன் கதைக்க இப்போது அவவுக்கு ஏலாதாம். இதை மட்டும் எழுதச் சொல்கிறா:

"வரேக்க கையப் பிடிச்சு இறங்கு மகன். பிடிக்க முதல் ஒருக்கா ஆட்டிப் பார்."

யூஜினா